முதல் நிற்கட்டும், விளைவு நடக்கட்டும்

வக்ஃபு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களுக்குப் பள்ளிவாசலும் கபரஸ்தானும் நினைவுக்கு வரும். சற்று விவரம் அறிந்தவர்களுக்குப் பள்ளிவாசல் கடைகளும், அவற்றின் வாடகைப் பாக்கியும் நினைவுக்கு வரும். உலகத்தில் பேரும் புகழும் பெற்ற பல்கலைக்கழகங்கள் இன்று எந்த அடிப்படையில் நிற்கின்றனவோ, அந்த அடிப்படையும் வக்ஃபின் அடிப்படையும் ஏறத்தாழ ஒன்றே என்பது பலர் அறியாத செய்தி. ஒரு முதலைச் சேர்த்து வைப்பது, அந்த முதலைத் தொடாமல் அதன் விளைவைக் கொண்டு கல்வியை நடத்துவது என்பதே அந்த அடிப்படை.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நமது பழனியிலேயே 1960இல் தொடங்கப்பட்ட அருள்மிகு பழனியாண்டவர் கலைக் கல்லூரியைக் காண்கிறோம். தேவஸ்தானத்தின் வருவாயிலிருந்து கல்லூரியும், பாலிடெக்னிக்கும், பெண்களுக்குத் தனிக் கல்லூரியும் நடக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். பக்தர்கள் கொடுத்தது ஒரு பக்கம் வந்து, கல்வியாக மறுபக்கம் போகிறது. இதைப் பார்க்கும்போது நம்மிடம் உள்ள வக்ஃபு சொத்துக்களின் நிலையும், நம் வீடுகளில் உள்ள சேமிப்பின் நிலையும் மனத்தில் எழுந்தன. இக்கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறோம். ஏனெனில் பெரிய நிதிக்கு எது சட்டமோ, அதில் பெரும்பகுதி சிறிய குடும்பத்துக்கும் சட்டம். பொருந்தாத பகுதியும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.

கைபர் நிலம்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மேலான பொருள் அதுவரை தமக்குக் கிடைத்ததில்லை என்று கூறி, அதை என்ன செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். விரும்பினால் முதலை நிறுத்தி வைத்து, விளைவைத் தர்மம் செய்யலாம் என்பது கிடைத்த வழிகாட்டுதலின் கருத்து. அவ்வாறே அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுச் சொத்தாகப் பிரிக்கப்படாது என்ற நிபந்தனையுடன் ஏழைகளுக்கும், உறவினர்களுக்கும், அடிமைகளை விடுவிப்பதற்கும், வழிப்போக்கருக்கும், விருந்தினருக்குமாக வக்ஃபு செய்யப்பட்டது. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், ஆனால் தமக்கெனச் செல்வம் சேர்க்கக் கூடாது என்பதும் நிபந்தனை. புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி இடம் பெற்றுள்ளது.

இந்தச் சிறிய செய்திக்குள் இன்று பல்கலைக்கழக நிதி நிர்வாகிகள் தடித்த புத்தகங்களில் எழுதும் சங்கதிகள் பலவும் அடங்கியுள்ளன. முதலும் விளைவும் வேறு வேறு. விளைவு யாருக்கு என்பது முன்கூட்டியே தீர்மானமாகி இருக்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு வரம்பு வேண்டும்.

பின்னர் வந்த காலத்தில் இந்த வழி கல்விக்கே பெரிதும் பயன்பட்டது. மொராக்கோவின் ஃபாஸ் நகரில் கி.பி. 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண்மணி தமக்கு வாரிசாக வந்த பொருளைக் கொண்டு அல்கரவிய்யீன் பள்ளியை எழுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அது பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. கெய்ரோவின் அல்அஸ்ஹருக்குக் கடைகளும் வீடுகளும் வக்ஃபாக எழுதி வைக்கப்பட்டன. பக்தாதின் நிஜாமிய்யாவுக்கும் அப்படியே. உஸ்தாதுகளுக்குச் சம்பளமும், மாணவர்களுக்கு உணவும் அந்த வாடகையிலிருந்தே வந்தன. இங்கிலாந்தில் 1264இல் ஏற்பட்ட மெர்ட்டன் கல்லூரியின் சாசனத்தில் வக்ஃபின் சாயல் இருக்கிறது என்று மேல்நாட்டு ஆய்வாளரே எழுதியிருக்கின்றனர். அது உறுதியாக நிலைநாட்டப்பட்ட முடிவன்று. நாம் அதைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசுவதைவிட, அவர்கள் முதலைக் காப்பாற்றினார்கள், நாம் பல இடங்களில் கோட்டை விட்டோம் என்பதைச் சிந்திப்பது நன்று.

நூறு ரூபாய்க்குப் பதினான்கு காசு

கோட்டை விட்டோம் என்று வெறுமனே சொல்லவில்லை. 2006இல் வெளியான நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை கணக்குக் கொடுத்திருக்கிறது. நாட்டில் பதிவான வக்ஃபுகள் சுமார் 4.9 லட்சம், நிலம் ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர், ஏட்டிலுள்ள மதிப்பு 6,000 கோடி ரூபாய், அன்றைய சந்தை மதிப்பு சுமார் 1.2 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய சொத்திலிருந்து ஆண்டுக்கு வந்த வருமானம் சுமார் 163 கோடி ரூபாய்.

வாசகர்கள் ஒரு தாளை எடுத்து இதை வகுத்துப் பார்க்க வேண்டுகிறோம். சந்தை மதிப்பில் நூறு ரூபாய்க்கு ஆண்டு வருமானம் பதினான்கு காசு கூட இல்லை. முறையாகப் பயன்படுத்தினால் நூற்றுக்குப் பத்து, அதாவது ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய் வரக்கூடும் என்று அக்குழு கருதியது. பத்து என்பது மிகையென்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று வந்திருந்தாலும் எத்தனை மதரஸாக்கள், எத்தனை விதவைகளின் அடுப்புகள்!

காரணம் என்ன? ஆக்கிரமிப்பு ஒரு காரணம். அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குறைந்த வாடகை என்ற காரணத்தைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. ஏனென்றால் அந்தக் கடைகளில் இருப்பவர்கள் நம்மவர்களே. பக்கத்துக் கடைக்காரர் மாதம் பத்தாயிரம் கொடுக்கும் தெருவில், வக்ஃபுக் கடையில் இருப்பவர் தம் அத்தா காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை முதல் ஸஃப்பில் வந்து அமர்கிறார். ஹனஃபி சட்ட நூல்கள் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. நடப்பு வாடகைக்கு வெகு குறைவாக வக்ஃபுச் சொத்தை வாடகைக்கு விடுவது முதவல்லிக்கு ஆகாது. விட்டால் குடியிருப்பவர் நடப்பு வாடகையையே கொடுக்கக் கடமைப்பட்டவர். வீடு, கடைகளை ஓராண்டுக்கும், விளைநிலத்தை மூன்றாண்டுக்கும் மேலாகக் குத்தகைக்கு விட வேண்டாம் என்று பிற்கால இமாம்கள் ஃபத்வா கொடுத்ததன் காரணமும் அதுவே: நெடுங்காலம் ஒருவர் கையில் இருந்தால் அது அவருடைய சொந்தச் சொத்து என்ற எண்ணம் அவருக்கும் வந்துவிடும், ஊருக்கும் வந்துவிடும். அந்த இமாம்கள் மனிதர்களை நன்கு அறிந்திருந்தார்கள்.

வங்காளத்தில் ஹாஜி முஹம்மது முஹ்ஸின் அவர்களின் வக்ஃபும் இங்கே நினைவுகூரத் தக்கது. மணம் புரியாதவர், சகோதரி வழியாக வந்த பெருஞ்சொத்தை 1806இல் வக்ஃபாக எழுதினார். வருமானத்தை ஒன்பது பங்காக்கி, மூன்றை மார்க்கக் காரியங்களுக்கும், நான்கை உதவித்தொகை, ஊதியங்களுக்கும், இரண்டை முதவல்லிகளுக்கும் என்று வகுத்தார். எழுத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் 1812இல் மறைந்த பின் முதவல்லிகள் முறைகேடு செய்தார்கள் என்று அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. சேர்ந்திருந்த நிதியைக் கொண்டு 1836இல் ஹூக்ளி கல்லூரி எழுந்தது. நல்ல கல்லூரிதான்; ஆனால் அதில் முஸ்லிம் மாணவர்கள் வெகு சிலரே பயன் பெற்றனர். எதிர்ப்புக் கிளம்பி, 1873இல்தான் அந்த நிதி முஸ்லிம்களின் கல்விக்குத் திருப்பப்பட்டது. நல்ல முதவல்லி இல்லாவிட்டால் முதல் இருந்தும் உரியவருக்கு விளைவு கிடைப்பதில்லை.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு படிப்பினை இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தம் கல்வி நிலையங்களையும் 20 லட்சம் ரூபாயையும் கொடுத்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அக்காலத்தில் அது மலையளவு தொகை. ஆனால் வருவாய்க்கு மேல் செலவு வளர்ந்துகொண்டே போனால் எந்த மலையும் கரையும். தேவைக்கு மேற்பட்ட பணியாளர்களின் சம்பளச் சுமையால் நிதி நெருக்கடி முற்றி, 2013இல் தனிச் சட்டம் இயற்றி அரசு அதை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

யேல் பல்கலைக்கழகம் செய்தது என்ன?

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வழியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1701இல் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் நிதியில் பெரும்பகுதியைத் தன் ஊரிலேயே இருந்த ஈகிள் வங்கி என்ற ஒரே வங்கியின் பங்குகளில் போட்டது. தெரிந்த மனிதர்கள் நடத்திய வங்கி, உள்ளூர் வங்கி என்ற நம்பிக்கை. 1825இல் அந்த வங்கி முறிந்தது. பல்கலைக்கழகத்தின் முதலில் பெரும்பகுதி அதோடு போயிற்று. நம் சென்னையில் 1906இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே கதைதான்.

1985இல் டேவிட் ஸ்வென்சன் என்பவர் யேல் நிதியின் பொறுப்புக்கு வந்தார். வயது 31. நியூயார்க்கில் வாங்கிய சம்பளத்தை விட்டுவிட்டு, வெகு குறைந்த ஊதியத்துக்கு வந்தார். அப்போது நிதி சுமார் 130 கோடி டாலர். அவர் 2021இல் மறைந்தார். அவ்வாண்டு நிதி 4,200 கோடி டாலருக்கு மேல். இடையில் ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகத்துக்குச் செலவுக்கும் கொடுத்து வந்தது. புதிய நன்கொடைகளும் சேர்ந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் செய்த காரியங்களில் ஒன்று, எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைக்காமல் பங்குகள், நிலம், கட்டடம், மரக்காடுகள், சந்தைக்கு வராத தனியார் தொழில்கள் என்று பிரித்துப் போட்டது. பெரும்பகுதியை வட்டி தரும் பத்திரங்களில் வைக்காமல், இலாப நட்டத்தில் கலந்துகொள்ளும் உடைமைகளில் வைத்தார் என்பது நமக்குக் குறிப்பாகக் கவனிக்கத் தக்கது. வட்டி ஹராம் என்பதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. விலைவாசி ஏறும் உலகில் நெடுங்காலத்துக்கு உடைமையே முதலைக் காக்கும் என்ற கணக்கினால் செய்தார். நமக்கு விலக்கப்பட்டது விலக்கப்பட்டதுதான், அதற்கு யேலின் சான்று தேவையில்லை. ஆயினும் வட்டியில்லாமல் பணம் எப்படி வளரும் என்று கேட்கும் நம் இளைஞர்களுக்கு இதைச் சொல்லலாம்.

யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை ஒரே வாசலால் நுழையாமல் பல வாசல்களால் நுழையச் சொன்னதை முதலீட்டைப் பிரிப்பதற்கு ஆதாரமாகச் சிலர் மேடையில் பேசுகிறார்கள். முஃபஸ்ஸிர்கள் அதற்குச் சொல்லும் விளக்கம் கண்ணேறு முதலியவை பற்றியது. பொருந்தாத இடத்தில் ஆயத்தை இழுப்பது சரியல்ல. பிரித்து வைப்பதன் நன்மையை உணர அறிவே போதும்.

ஆனால் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு இதற்கு நேராகவே பொருந்துகிறது. ஏழு ஆண்டு நல்ல விளைச்சலில் உண்பதற்குச் சிறிதளவு எடுத்துக்கொண்டு மற்றதைக் கதிரிலேயே விட்டு வைக்கச் சொன்னார்கள். பின்வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளை அது தாங்கிற்று. யேலின் செலவு விதியும் இதற்கு அக்கம்பக்கமாகவே இருக்கிறது. ஆண்டுக்கு நிதியில் நூற்றுக்கு ஐந்து அளவே செலவுக்கு எடுப்பார்கள். அதிலும் சந்தை ஏறிய ஆண்டில் அள்ளிக்கொள்வதில்லை, இறங்கிய ஆண்டில் ஒரேயடியாகக் கையை இறுக்குவதுமில்லை. சென்ற ஆண்டுச் செலவுக்குப் பெரிய எடை கொடுத்து, இவ்வாண்டு மதிப்புக்குச் சிறிய எடை கொடுத்துக் கணக்கிடுவார்கள். செலவு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும்.

நம் ஊரில் அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வரும்போது கல்லா நிறைகிறது. பின்பு கூட்டமில்லாத மாதங்கள் வருகின்றன. ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரரும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி அனுப்புபவரும் அப்படியே. தை மாதக் கல்லாவைப் பார்த்து ஆண்டுச் செலவைத் தீர்மானிப்பவர் ஆடி மாதத்தில் நகையை அடகுக் கடைக்கு அனுப்புகிறார். சென்ற மூன்றாண்டு வருமானத்தைக் கூட்டி, மூன்றால் வகுத்து, அதிலும் சற்றுக் குறைவாக வீட்டுச் செலவை வைத்துக்கொண்டால் அடகுக் கடைப் படியேற வேண்டியிராது. அடகு என்பது வட்டி. வட்டி என்பது என்னவென்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஹார்வர்டின் தடுமாற்றம்

பெரியவர்களும் வழுக்குவதுண்டு. 2008-2009 நெருக்கடியில் யேல் நிதி நூற்றுக்கு 25 அளவும், ஹார்வர்டு நிதி 27 அளவும் நட்டம் கண்டன. நட்டத்தைவிடப் படிப்பினை தருவது ஹார்வர்டு பட்ட கைமுடை. அன்றாடச் செலவுக்கான பணத்திலும் பெரும்பகுதியை அது நீண்டகால முதலீட்டோடு சேர்த்துப் போட்டிருந்தது. நிதியில் பெரும்பகுதி நினைத்தவுடன் விற்க முடியாத உடைமைகளில் இருந்தது. போதாக்குறைக்கு, எதிர்கால வட்டி விகிதம் ஏறும் என்று கருதிச் செய்துகொண்ட ஒப்பந்தங்களிலிருந்து விடுபடச் சுமார் 50 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. உலகிலேயே பெரிய பணக்காரப் பல்கலைக்கழகம் 250 கோடி டாலர் அளவுக்குக் கடன் பத்திரம் விற்றது. ஆற்றின் மறுகரையில் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்தைப் பாதியில் நிறுத்தியது.

சொத்து உண்டு, கையில் காசில்லை. இந்நிலை நம் வீடுகளில் எத்தனை! வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணம் முழுவதும் மனையில் போட்டாயிற்று; அத்தாவுக்கு இருதய ஆபரேஷன் என்றதும் மனையை வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள், அல்லது கந்து வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்கள். ஆறு மாதச் சாப்பாட்டுக்கும், ஒரு பெரிய வைத்தியச் செலவுக்குமான தொகையைத் தனியே வைக்காதவர் மனை வாங்கப் புறப்படலாகாது என்பது நம் கருத்து. அத்தொகை வளராது; வளர வேண்டியதுமில்லை. அது காவலுக்கு நிற்கிறது.

ஸ்வென்சன் 2005இல் தனி மனிதர்களுக்கென்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்னதன் சாரம் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது: யேல் செய்ததை நீங்கள் செய்ய முயலாதீர்கள். தனியார் தொழில்களையும் காடுகளையும் தேர்ந்தெடுக்க அங்கே நாள் முழுதும் அதே வேலையாக இருக்கும் ஆட்கள் உண்டு. பத்தாண்டு காத்திருக்கும் வசதியும் உண்டு. சாதாரணக் குடும்பஸ்தருக்கு இரண்டும் இல்லை. அவர் சந்தை முழுவதையும் சிறு சிறு அளவில் வாங்கும் குறைந்த கட்டணத் திட்டங்களில் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கட்டும் என்பது அவர் யோசனை.

கட்டணத்தைப் பற்றி அவர் கடுமையாகப் பேசியது நமக்கு முதவல்லியின் நிபந்தனையை நினைவூட்டுகிறது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வளர்ந்தால் 25 ஆண்டில் 10.8 லட்சம் ஆகும். நடுவிலிருப்பவர் ஆண்டுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு எட்டுத்தான் உங்களுக்கு வந்தால் 6.8 லட்சம். இரண்டு என்பது சிறு எண். ஆனால் எடுத்துக்கொண்டது நான்கு லட்சம். நியாயமான அளவில் உண்பதற்கும் செல்வம் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உமர் (ரலி) அவர்களின் சாசனம் எவ்வளவு அழகாகக் கண்டது!

அவர் யோசனையை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சந்தை முழுவதையும் வாங்குவதென்றால் அதில் பெரும் பங்கு வங்கிகளாகவும் நிதி நிறுவனங்களாகவும் இருக்கும். வட்டித் தொழில், மது, சூது போன்றவற்றையும், கடன் சுமை அளவு கடந்தவற்றையும் நீக்கிவிட்டுத் தொகுக்கப்பட்ட ஷரீஅத் குறியீடுகள் இந்தியப் பங்குச் சந்தையில் உள்ளன. அவற்றின் வழி நடக்கும் நிதித் திட்டங்களும் சில உண்டு. அவற்றிலும் சிறிதளவு கலப்பு வந்தால் அந்தப் பங்கை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கழிக்க வேண்டும். பங்குகளையே அறவே தவிர்க்கும் உலமாக்களும் உள்ளனர். தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பின்பே இதில் இறங்க வேண்டும். ஹார்வர்டு கூட 1990இல் புகையிலைப் பங்குகளை விற்றுவிட்டதாக அறிவித்தது. எல்லா இலாபமும் இலாபமல்ல என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பெட்டியில் பூட்டிய பணம்

இவ்வளவும் எதற்கு, பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஹராமும் இல்லை, நட்டமும் இல்லை என்று நினைக்கும் பேணுதலானவர்கள் நம்மில் பலர். அநாதைகளின் பொருளைத் தொழிலில் ஈடுபடுத்துங்கள், ஜகாத் அதைத் தின்றுவிடாதிருக்கட்டும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. சிறுவர் பொருளில் ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் ஹனஃபி மத்ஹபில் இல்லை, ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு. அது வேறு விஷயம். சும்மா கிடக்கும் பணம் கரையும் என்ற கருத்தில் வேறுபாடு இல்லை.

ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை ஜகாத் கொடுத்து வந்தால் பத்தாண்டில் 77,600 ரூபாய் இருக்கும். விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு ஏறுவதாக வைத்தால், அந்தப் பணம் இன்றைய கணக்கில் 52 ஆயிரத்துக்கு உரிய பொருளையே வாங்கும். ஜகாத்தின் மேல் குறை சொல்லுவதாக எவரும் எண்ண வேண்டாம். ஜகாத் கொடுத்தது வீணாகவில்லை. பணத்தைச் சும்மா போட்டதுதான் வீண். செல்வம் ஓர் இடத்தில் தேங்காமல் தொழிலுக்கும் விளைச்சலுக்கும் போகட்டும் என்ற ஹிக்மத்தும் ஜகாத்தில் இருக்கிறது.

வீட்டை விற்ற பணத்தை மற்றொரு வீட்டிலோ நிலத்திலோ போடாவிட்டால் அதில் பரக்கத் இல்லை என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் தொடரில் குறை கூறப்பட்டிருந்தாலும், அனுபவம் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. கணவர் மவுத்தான பின் வீட்டை விற்ற ஒரு தாய், ‘ஹஜ்ரத், பிள்ளைகள் வியாபாரத்துக்குக் கேட்கிறார்கள், கொடுக்கட்டுமா?’ என்று கேட்டால் நாம் சொல்லும் பதில் இது: முதலில் வாரிசுப் பங்கைப் பிரியுங்கள். உங்கள் எட்டில் ஒரு பங்கும், உங்கள் பெயரில் இருந்த சொந்தப் பணமும் எவ்வளவு என்று பாருங்கள். அதில் ஒரு வாடகைக் கடையோ, சிறு வீடோ, இரண்டு பேரோடு கூட்டாக ஒரு தோப்போ கிடைக்குமா என்று பாருங்கள். அந்த முதலைப் பிள்ளைகள் கேட்டாலும் தொடாதீர்கள்; வாடகையிலிருந்து தாராளமாகக் கொடுங்கள்.

வாடகை வந்ததும் முழுவதையும் உண்டுவிடக் கூடாது. வக்ஃபின் வருமானத்தில் முதல் செலவு அதன் பராமரிப்புத்தான், வக்ஃபு செய்தவர் நிபந்தனை இடாவிட்டாலும் சரியே என்று ஹிதாயாவில் இருக்கிறது. ஓடு உடைந்தால் ஓடு மாற்றிவிட்டுத்தான் ஏழைக்குச் சோறு. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும். ஆனால் கூரை விழுந்துவிட்டால் அடுத்த ஆண்டு ஏழைக்குச் சோறு ஏது? சொந்த வாடகைக் கட்டடத்துக்கும் பன்னிரண்டில் ஒரு மாத வாடகையை எடுத்து வைத்தால் போதும்.

மாதம் லட்சத்துக்கு இவ்வளவு

கடைசியாக, மிக அவசரமானது. 2012இல் பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு பண்ணை வீழ்ந்தபோது கொங்கு நாட்டு விவசாயிகள் பலர் முதலை இழந்தார்கள். 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்தது. இது நம்மவர் நிறுவனம். ஹலால் என்ற பெயர், தாடி, தொப்பி, மேடையில் துஆ. பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் பணம், பெண்களின் நகை விற்ற பணம், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம் அதில் போயிற்று.

இவ்விரண்டிலும் பொருளாதாரப் படிப்பு இல்லாமலே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம். முழாரபாவில் பணம் போடுபவருக்கு இலாபத்தில் இத்தனை விழுக்காடு என்று பேசலாம். மாதம் இத்தனை ரூபாய் என்று தொகையைக் குறித்துப் பேசினால் அந்த ஒப்பந்தமே செல்லாது. இது மதரஸாவில் இளம் மாணவரும் ஓதும் மஸ்அலா. நட்டம் வந்தால் முதலாளியின் முதலுக்கே வரும், உழைப்பாளிக்கு உழைப்பு நட்டம். ஆகவே ‘லட்சத்துக்கு மாதம் இவ்வளவு, முதலுக்கு முழு உத்தரவாதம்’ என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஹாஜியாராக இருந்தாலும், அது வட்டி அல்லது மோசடி, பெரும்பாலும் இரண்டும். உண்மையான வியாபாரத்தில் மாதம் தவறாமல் ஒரே இலாபம் வருமா என்று ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டிக்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். தணிக்கை செய்தவர் யார் என்று கேளுங்கள். ‘நம்பிக்கை இல்லையா பாய்?’ என்பார்கள். கடன் கொடுத்தால் எழுதி வைக்கச் சொன்ன குர்ஆன் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம். நம்பிக்கையுள்ளவர்களைப் பார்த்துத்தான் அது சொல்லப்பட்டது.

குடும்பத்துக்கென்று ஒரு வக்ஃபு

தம் முதலைத் தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் விற்றுத் தின்னாமல், விளைவை மட்டும் அனுபவிக்க வேண்டும் என விரும்புபவருக்கு ‘வக்ஃப் அலல் அவ்லாத்’ என்ற வழி உண்டு. 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் இத்தகைய வக்ஃபை வெறும் குடும்ப ஏற்பாடு என்று கூறிச் செல்லாததாக்கிற்று. முஹம்மது அலீ ஜின்னா கொண்டுவந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீண்டும் செல்லுபடியாக்கியது. வம்சம் அற்றுப்போனால் விளைவு ஏழைகளுக்கு என்ற நிபந்தனை அதில் உண்டு.

2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டத்தின்படி, புதிதாக எந்த வக்ஃபும் எழுத்து மூலமான பத்திரம் இல்லாமல் ஏற்படாது; குடும்ப வக்ஃபினால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமை மறுக்கப்படவும் கூடாது. இச்சட்டத்தின் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் நிறுத்தி வைத்திருப்பதால், பத்திரம் எழுதுமுன் வழக்கறிஞரிடம் நடப்பு நிலையைக் கேட்டுக்கொள்வது அவசியம். பத்திரத்தில் சொத்தின் எல்லை, முதவல்லியின் பெயர், அவருக்குப் பின் யார், அவர் எடுத்துக்கொள்ளத் தக்க தொகை, பராமரிப்புக்கு ஒதுக்கும் பங்கு, ஆண்டுக் கணக்கை யாரிடம் காட்ட வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். மரண நோயில் படுத்த பின் எழுதினால் அது வஸிய்யத்தின் சட்டத்துக்குள் வந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. ஆகையால் உடலில் தெம்பும், பிள்ளைகளிடத்தில் இணக்கமும் இருக்கும்போதே, பெண்மக்களையும் உட்கார வைத்து எழுதிக்கொள்ள வேண்டும்.